அக்கா பேசியதும் நான் சொன்னதும்

என் அக்காவைப் பற்றிப் பேச்செடுத்தால் தெரிந்தவர்கள் எல்லோரும், "பாவம், காது கேக்காது. ஆனா தங்கமான மனசு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். காது கேட்காது என்பது உண்மை. மற்றதெல்லாம் சும்மா. அவளைப் போல வாய்த்துடுக்கானவளை நான் பார்த்ததில்லை. அந்த வாய் கையில் இருந்தது, அவ்வளவுதான். அவள் கை பேசியதை ஊருக்கு எடுத்துச் சொல்லும் வேலை ஆறு வயதிலிருந்து என்னுடையது. யாரும் என்னைக் கேட்டுக் கொடுக்கவில்லை. முன்னால் பிறந்தவளுக்குக் காது கேட்கவில்லை, பின்னால் பிறந்தவளுக்குக் கேட்டது. என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எட்டு வயதில் எனக்கு அந்தத் தொழில் நன்றாகவே படிந்துவிட்டது. நாங்கள் வாடகை கொடுத்த வீட்டுக்காரர் ஒரு நாள், மாடிப்படியில் செருப்பு சிதறிக் கிடக்கிறது என்று சத்தம் போட வந்தார். அக்காவுக்கு அப்போது பதினான்கு. அவர் விரல் தன் மூக்குக்கு நேரே ஆடுவதைப் பார்த்துவிட்டு அவள் கையால் ஒன்று சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது. அதில் அவருடைய தொப்பையும் ஒரு பிராணியும் வந்தன.

"என்னம்மா சொல்றா உங்கக்கா?" என்றார் அவர்.

"மன்னிச்சிடுங்க மாமா, இனிமே ஒழுங்கா வைக்கிறேன்னு சொல்றா."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். அம்மா என் தலையைத் தடவினாள். 'என்ன சொன்னே அவர்கிட்ட?' என்று அக்கா கையால் கேட்டாள். 'நீ சொன்னதைத்தான்' என்றேன். மிட்டாயில் பாதியை அவளுக்கும் கடித்துக் கொடுத்தேன். தொப்பைக்காரனை அடக்கிவிட்டோம் என்று அவள் இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தாள்.

நாங்கள் இருவரும் சண்டை போட்டால் ஜெயிப்பது எப்போதும் அவள்தான். அவளிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது: கண்ணை மூடிக்கொள்வாள். அவ்வளவுதான், என் பேச்சு முடிந்தது. நான் கையை ஆட்டலாம், குதிக்கலாம், அழலாம், ஒன்றும் போய்ச் சேராது. என் காதைப் பொத்தினால்கூடக் கொஞ்சம் கேட்டுத் தொலைக்கும். அவளுக்கு அந்தத் தொல்லை இல்லை. பொறுக்க முடியாமல் நான் அவள் மேல் ஏறி உட்கார்ந்து விரலால் இமையைத் தூக்குவேன். உள்ளே கருவிழி மேலே சொருகிக்கொண்டிருக்கும். அவள் உடம்பு குலுங்கச் சிரிப்பாள். அதற்குப் பிறகு சண்டை தொடராது.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு உதடு பார்த்துப் பேச்சைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பாதி பிடிபடும், பாதி பிடிபடாது. எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிப்பாள். பதினெட்டு வயதில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவுக்குப் போனாள். அச்சு இயந்திரம் தடதடக்கும் இடத்தில் மற்றவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள, இவள் பாட்டுக்குத் தாளை மடித்து, தைத்து, பசை தடவி அடுக்குவாள். முப்பது வருடம். இன்றைக்கும் அவள் நகக்கண்ணில் பசை காய்ந்திருக்கும். மேற்பார்வையாளர் மூன்று பேரை மாற்றிய பெருமை அவளுக்கு உண்டு. மூன்று பேரிடமும் அவள் சொன்னதை நானே போய், "அக்கா மரியாதையோட ஒரு விண்ணப்பம் வைக்கிறாங்க" என்று ஆரம்பித்துச் சொன்னேன். அதனால்தான் முப்பது வருடம் அவளுக்கு வேலை இருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

இனி அந்தக் கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காது கேளாதோர் நலச் சங்கம் என்று பலகை மாட்டிய ஒரு பழைய கட்டடம். கீழே ஒரே நீளக் கூடம், தரை முழுக்க மரப்பலகை. கட்டடத்தை எழுதிவைத்தவர் மர வியாபாரி. அவருடைய மகளுக்குக் காது கேட்காது. ஒரு மூலையில் காலைத் தட்டினால் எல்லோருடைய பாதத்திலும் அதிரும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று யோசித்துப் போட்ட தரை அது. நடுவில் தூணோ தடுப்போ கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஐம்பது அறுபது பேர் வருவார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கை வீசி வம்பளப்பார்கள். வாரம் முழுக்க உதட்டைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்துபோன சனம், அங்கே வந்துதான் வயிறு நிறையப் பேசும். அக்கா தன் புருஷனைப் பார்த்ததும் அங்கேதான். அவர் தச்சர், அவருக்கும் காது கேட்காது, இளகிப்போன ஒரு பலகையை மாற்ற வந்தார். 'ஆணி கோணலா அடிக்கிறே' என்று இவள் வம்புக்கிழுத்தாள். மூன்று மாதத்தில் கல்யாணம்.

சங்கத்தை நடத்தும் டிரஸ்டிகள் ஏழு பேர். அதில் ஒருவர் காது கேளாதவராக இருக்க வேண்டும், அவர் சம்மதம் இல்லாமல் கூடத்தை வேறு எதற்கும் மாற்றக் கூடாது என்று மர வியாபாரி பத்திரத்திலேயே எழுதிவைத்துப் போய்ச் சேர்ந்தார். அந்த ஏழாவது நாற்காலி வெகு நாள் காலியாகக் கிடந்தது. ஆள் கிடைக்கவில்லை என்றார்கள். தேடினால்தானே கிடைக்க? ஞாயிற்றுக்கிழமைச் சனம் ஒன்றுகூடி, 'இவளை அனுப்புவோம், இவ ஒருத்திதான் சண்டை போடுவா' என்று அக்காவைத் தேர்ந்தெடுத்தது. சம்பளம் கிடையாது. இரண்டாவது சனிக்கிழமை மதியம் அச்சகத்தில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பசைக் கையைக் கழுவிக்கொண்டு போவாள். கூடவே நானும். எனக்கு மட்டும் என்ன, அரை நாள் சும்மா வருகிறதா?

டிரஸ்டிகளின் தலைவர் ஓய்வுபெற்ற காது டாக்டர். நாற்பது வருடம் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்த மனிதர். காதுக்கு வெளியே ஓர் ஆள் இருப்பது கடைசிவரை அவர் கண்ணில் படவில்லை. செயலாளர் பேனாவும், கூட்டத்தில் பேசியதைக் குறிக்கும் மினிட்ஸ் புத்தகமுமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மீதி நான்கு பேர் தலையாட்டுவதற்கு. அக்கா ஒப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்துவிட்டுப் போவாள் என்று எதிர்பார்த்தார்கள். முதல் கூட்டத்திலேயே அவள், 'கதவுல மணி வச்சிருக்கீங்களே, யாருக்கு? உங்களுக்கெல்லாம் மூளை கழன்றுபோச்சா?' என்றாள். நான் சொன்னது: "மணிக்குப் பதிலா ஒரு லைட் வச்சா நல்லா இருக்கும்னு அக்கா ஆசைப்படறாங்க."

லைட் வைத்தார்கள். பார்த்தீர்களா? அவள் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் கதவையே சாத்தியிருப்பார்கள். என் வழிதான் சரி என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

அவர்கள் சொல்வதையும் அவளுக்கு அப்படியே நான் கொண்டுபோகவில்லை. செவிக்கருவி கொடுத்தும் பாதிப் பேர் மாட்டிக்கொள்வதில்லை என்று பேச்சு வந்த ஒரு நாள் தலைவர் சலித்துக்கொண்டார். "எவ்வளவு சொன்னாலும் செவிடன் காதுல ஊதின சங்குதான்." சொன்ன பிறகுதான் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்கு நினைவு வந்தது. செயலாளர் இருமினார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

'என்ன சொன்னார்? ஏன் எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்கிறாங்க?'

'எவ்வளவு உழைச்சாலும் பத்தலைன்னு வருத்தப்படறார்.'

'எங்க உழைக்கிறாராம்? நாற்காலி தேயறதைத் தவிர ஒண்ணும் தெரியலையேன்னு சொல்லு.'

"உங்க உழைப்புக்கு ரொம்ப நன்றின்னு சொல்றாங்க" என்றேன். செயலாளர் அதை எழுதிக்கொண்டார்.

ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் போன மாதத்து மினிட்ஸைச் செயலாளர் மூச்சுவிடாமல் படிப்பார். நான், 'போன மாசம் பேசினதுதான்' என்று சுருக்கிவிடுவேன். அக்கா முன்னால் தாளை நீட்டுவார்கள். ஒன்று தாளைப் பார்க்கலாம், இல்லை என் கையைப் பார்க்கலாம். இருப்பது ஒரு ஜோடிக் கண்தானே. தாளைக் குனிந்து படித்தால் அதற்குள் நான்கு பேர் பேசி முடித்துவிடுவார்கள். அவள் என் கையைத்தான் பார்த்தாள். படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் அவள் அடித்த தம்பட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. 'நான் மூஞ்சிக்கு நேரா திட்டறேன், டாக்டர் பெட்டிப்பாம்பா கேட்டுக்கறார். வாயைத் திறந்து ஒரு எதிர்ப்பேச்சு கிடையாது!' அறுபது பேர் அதை வாய் பிளந்து பார்ப்பார்கள். நான் ஓர் ஓரமாக டீ குடித்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது வருடம்தான் தலைவர் பூனைக்குட்டியை வெளியே விட்டார். கீழ்க்கூடத்தைச் செவித்திறன் பரிசோதனை மையமாக மாற்றப் போகிறார்களாம். நான்கு சின்ன அறைகள். சத்தம் புகாமல் சுவரெல்லாம் பஞ்சு. மரத்தரைக்கு மேல் தடிமனான விரிப்பு. "இனிமே எல்லாம் மெஷின் பாத்துக்கும். இந்தக் கையாட்டறது எல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு?" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை விழுங்கிவிட்டு மற்றதை அக்காவுக்குச் சொன்னேன்.

அவள் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். தண்ணீர் டம்ளர் உருண்டது. 'முடியாது. நான் சாகறவரைக்கும் முடியாது. அந்த நாலு ரூம்ல அவரைப் போட்டுப் பூட்டு. இதை இப்படியே எழுதச் சொல்லு.'

தலைவரின் முகம் சிவந்துவிட்டது. "என்ன இது, சந்தையா? இப்படி நடந்துக்கிறவங்களை டிரஸ்ட்ல வச்சுக்கணும்னு கட்டாயம் இல்லையே" என்றார். எல்லோரும் பார்த்தது என் முகத்தைத்தான். அவள் திட்டும்போதெல்லாம் அப்படித்தான், அறை விழுகிற கன்னம் என்னுடையது. ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். நாற்பது வருடப் பழக்கம் என்னை யோசிக்க விடவில்லை.

"அக்காவுக்கு இது நல்ல விஷயம்னுதான் தோணுது டாக்டர். சட்டுனு கேட்டதும் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. கொஞ்சம் டைம் மட்டும் கேக்கிறாங்க."

தலைவர் தணிந்தார். செயலாளரின் பேனா ஓடியது. நான்கு நாள் கழித்துத் தனியாகப் போய் டாக்டரிடம் நயமாகப் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். போகவில்லை. என் வீட்டில் குழாய் உடைந்தது, மாமியார் வந்தார், மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்பதும் பொய்தான். பயந்துவிட்டேன்.

அடுத்த மாதம் பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. "காது கேளாத டிரஸ்டியின் சம்மதத்துடன் தீர்மானித்தபடி" கூடம் மாற்றப்படும் என்று அதில் அச்சடித்திருந்தார்கள். ஆதாரத்துக்கு மூன்று வருட மினிட்ஸின் நகல் பின்னால் இணைத்திருந்தது. அது அக்கா வேலை பார்க்கும் அச்சகத்திலேயே அச்சாகி, அவள் மேசைக்கே தைக்க வந்தது.

அவள் அதைத் தைக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய் எழுத்துக் கூட்டி மூன்று நாள் படித்தாள். நான்காம் நாள் காலை என் சமையலறைக்கு வந்து தாள்களை அடுப்புக்குப் பக்கத்தில் பரப்பினாள். பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தாள். ஒவ்வொன்றாக விரல் வைத்தாள்.

'நான் எப்ப நன்றி சொன்னேன்? இது எப்ப? இங்க வரவேற்றேன்னு போட்டிருக்கே, எதை வரவேற்றேன்?'

'அக்கா, நீ பேசினதை அப்படியே சொல்லியிருந்தா முதல் மாசமே உன்னைத் துரத்தியிருப்பாங்க.'

'துரத்தியிருந்தா எங்க ஆளுங்க வேற ஒருத்தரை அனுப்பியிருப்பாங்க. மூணு வருஷமா அந்த நாற்காலில உக்காந்திருந்தது யாரு? நானா, நீயா?'

எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. கையில் கரண்டி இருந்தது, அதை வீசிவிட்டுப் பேசினேன். 'ஆறு வயசுலேருந்து உன் திட்டையெல்லாம் என் வாயால சொல்லணுமா? நீ திட்டிட்டு நிம்மதியா உக்காந்துப்பே. மூஞ்சி கொடுக்கறது யாரு? என் கல்யாணத்தன்னைக்குக்கூட உனக்குச் சொல்லிக்கிட்டே உக்காந்திருந்தேனே, அது யாருக்காவது தெரிஞ்சதா?'

அவள் கண்ணை மூடவில்லை. ஒன்றுவிடாமல் பார்த்தாள். பிறகு சொன்னாள்: 'முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். நான் ஒண்ணும் செத்துப்போயிருக்க மாட்டேன். வீட்டுக்காரர்கிட்டயும் இப்படித்தான் சொன்னியா?'

எந்த வீட்டுக்காரர் என்று நான் கேட்கவில்லை, மிட்டாய் நினைவிருந்தது. அவள் தாள்களைப் பொறுக்கி, ஓரம் தட்டிச் சீராக்கி, எடுத்துக்கொண்டு போனாள்.

பொதுக்கூட்டம் அந்தக் கூடத்திலேயே நடந்தது. இருநூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். என்னை அவள் கூப்பிடவில்லை. அவள் பக்கத்தில் ஒரு பஸ் கண்டக்டர் நின்றார். அவருடைய அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காது, அதனால் தொட்டில் காலத்திலிருந்தே சைகை தெரியும். இருபது வருடம் படிக்கட்டில் தொங்குபவர்களை உள்ளே ஏறச் சொல்லிக் கத்திய தொண்டை. என்னைப் போல "அக்கா கேக்கிறாங்க, அக்கா நினைக்கிறாங்க" என்றெல்லாம் இழுக்கவில்லை. அவள் சொன்னதை அவளாகவே சொன்னார்.

"நான் இந்தக் கூடத்துலதான் என் புருஷனைப் பாத்தேன்!" என்று அந்தக் கட்டைக்குரல் முழங்கியதும் மேடையில் இரண்டு டிரஸ்டிகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "சிரிக்கிறவங்க எழுந்து நின்னு சிரிங்க, எங்களுக்கும் தெரியட்டும்! டாக்டர், நீங்க சொல்றது பச்சைப் பொய். நான் சம்மதிக்கவே இல்லை. நாலு ரூம்ல உங்களைப் போட்டுப் பூட்டுன்னுதான் சொன்னேன்!"

இரண்டு சிரிப்பும் அடங்கின. தலைவர் எழுந்தார். "மூணு வருஷமா அந்தம்மா இப்படிப் பேசினதே இல்லை. அவ்வளவு பண்பா பேசுவாங்க, எல்லாம் மினிட்ஸ்ல இருக்கு. இந்தக் கண்டக்டர் சொந்தமா இட்டுக்கட்டிப் பேசறார்." பிறகு என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். நான் பின்வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். "ஏம்மா, நீயே சொல்லு. உங்கக்கா இப்படியா பேசுவாங்க?"

அவர் குரலில் நம்பிக்கை இருந்தது. இத்தனை நாள் நான் அவரைக் கைவிட்டதில்லையே. 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கண்டக்டர் பொய்யன், மினிட்ஸ் உண்மை, கூடம் நான்கு அறையாகிவிடும். 'ஆமாம்' என்றால் இருநூறு பேருக்கு நடுவில் நான் யார் என்பது தெரிந்துவிடும்.

எழுந்தேன்.

"அக்கா எப்பவும் இப்படித்தான் பேசுவா" என்றேன். "அந்தப் பண்பு எல்லாம் என்னோடது. மினிட்ஸ்ல இருக்கறது ஒண்ணுகூட அவ சொன்னது இல்லை. நான் மாத்திச் சொன்னேன். அவ முடியாதுன்னு சொன்ன அன்னைக்கு நான் நல்ல விஷயம்னு சொன்னேன்."

கண்டக்டர் அதைக் கையால் சொல்லிக்கொண்டிருந்தார். என் குரலுக்குப் பின்னால் ஒரு கணம் தாமதமாக, வரிசை வரிசையாக, தலைகள் என் பக்கம் திரும்பின. யார் முதலில் காலைத் தட்டினார்கள் என்று தெரியாது. ஒன்று, பத்து, இருநூறு ஜோடிக் கால்கள் மரத்தரையில் இடித்தன. மேடையில் மைக் ஆடியது. தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஒத்தி வைக்கிறேன், ஒத்தி வைக்கிறேன்" என்றார்.

"ஒத்தி வைக்க வேணாம், அந்தத் தீர்மானத்தை அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க!" என்று கண்டக்டர் குரலில் அக்கா சொன்னாள். செயலாளர் மினிட்ஸ் புத்தகத்தைப் பிரித்தார். தலைவர் அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்துக் கையெழுத்திட்டார். அக்கா இந்த முறை குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்து முடித்த பிறகுதான் தன் கையெழுத்தைப் போட்டாள். அதுவரை யாரும் பேசக் கூடாது என்று ஒரு கையைத் தூக்கி வைத்திருந்தாள். யாரும் பேசவில்லை.

கூட்டம் கலைந்தபோது எனக்கு வழிவிட்டார்கள். மரியாதைக்காக அல்ல, என் மேல் படாமல் ஒதுங்கினார்கள். கூடத்தின் நடுவில் அக்காவும் அவள் புருஷனும் நின்றிருந்தார்கள். எதிரே போய் நின்றேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். கையைத் தூக்கினேன்.

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் நிறுத்தவில்லை. மூடிய கண்ணுக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். மிட்டாயையும் சொன்னேன். சின்ன வயதில் போல உடம்பு குலுங்கும், இதோ சிரித்துவிடுவாள் என்று அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. இமையைத் தூக்க விரல் எழுந்தது. ஐம்பது வயதுக்காரி ஒருத்தியின் முகத்தில் இருநூறு பேர் முன்னால் கை வைக்க எனக்கு என்ன உரிமை? இறக்கிக்கொண்டேன்.

பக்கத்தில் தச்சர் நின்று நான் சொன்னது முழுவதையும் பார்த்தார். நல்ல மனிதர், என்னிடம் முகம் சுளித்ததே இல்லை.

'மாமா, நான் சொன்னதை நீங்க அவகிட்ட சொல்லிடுங்க' என்றேன்.

அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, எனக்கு நன்றாகத் தெரியும்படி கையை உயர்த்தினார்.

'நான் மாட்டேன்மா. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் அவகிட்ட கொண்டுபோய்ச் சொன்னது போதும்.'

அவள் கையைப் பிடித்து அழைத்துப்போனார். வாசற்படிவரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.